ஏணியாய் நின்றோர்க்கு ஒரு பரிசு

வரலாறு என்றவுடன் போர்க்களங்களையும் முடிசூட்டு விழாக்களையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு நாட்டு மக்கள் எதை விளையாடினார்கள், அவ்விளையாட்டில் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள், ஆண்டு முடிவில் யாரை அழைத்துப் பாராட்டினார்கள் என்பனவும் வரலாறுதான். பட்டயங்களையும் கல்வெட்டுகளையும் படிப்பதுபோலவே, ஒரு பரிசுப் பட்டியலையும் நாம் படிக்கலாம். அதில் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், ஊர் இருக்கும். ஆனால் அந்த ஆண்டில் அந்த ஊரில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பது பட்டியலில் இராது. அதைத் தேடிக் காண்பது வரலாற்று மாணவரின் கடமை.

இன்று நான் எடுத்துக்கொண்ட பட்டியல் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தது. அங்கே பேஸ்பால் ஆட்டத்தின் கீழ்ப்படியிலுள்ள குழுக்களை நடத்துகின்ற மானேஜர்களில் சிறந்தவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு ஆண்டுதோறும் அளிக்கப்பட்டு வந்த சிறப்பைப் பற்றியது அது.

பேஸ்பாலை நம் மாணவர்களிற் பலர் நேரிற் கண்டிருக்கமாட்டார்கள். கட்சிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிவார்; எதிர்க்கட்சியார் ஒருவர் உருண்டை மட்டையால் அதை அடிப்பார். சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் ஒருவர் முறையாகச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டை அறிந்தவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் ஒரு வேற்றுமையைக் கருத்திற் கொள்ளவேண்டும். கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் தலைவரே ஆட்டத்தை நடத்துகிறார். பேஸ்பாலிலோ, களத்திற்கு அருகே அமர்ந்துள்ள மானேஜர் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். யார் ஆடவேண்டும், எந்த வரிசையில் அடிக்கவேண்டும், பந்தெறிபவரை எப்பொழுது மாற்றவேண்டும் என்று ஆணையிடுபவர் அவரே. மானேஜர் என்றதும் கணக்குப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் அலுவலரை எண்ணிவிட வேண்டாம். அவர் பாதி படைத்தலைவர். பாதி பள்ளி ஆசிரியர்.

அதுபோலவே, ‘மைனர் லீக்’ என்ற தொடரைக் கேட்டதும், பட்டு ஜிப்பாவும் கைத்தடியுமாக உலவிய நம் ஊர் மைனர்கள் சிலருக்கு நினைவுக்கு வரலாம்! இங்கே அச்சொல் ‘சிறிய’ என்ற பொருளில் மட்டும் நிற்கிறது. பெருநகரங்களின் புகழ்பெற்ற குழுக்கள் ஆடுவது ‘மேஜர் லீக்’. அதன் கீழே பல படிகளாகச் சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் ஆடுகின்ற குழுக்கள் மைனர் லீக் குழுக்கள். இவை 1901-ஆம் ஆண்டு சிகாகோ நகரிற் கூடி ஒரு சங்கமாக இணைந்தன. பிறகு 1920-களில் பிராஞ்சு ரிக்கி என்ற ஆட்ட நிர்வாகி, செயின்ட் லூயி நகரக் குழுவின் பொறுப்பில் இருந்தபோது ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தார். விலை கொடுத்து வாங்கப் பணமில்லாத தம் குழு, ஆட்டக்காரர்களைத் தானே வளர்த்துக்கொள்ளவேண்டும் என்று கருதிச் சிறு குழுக்களைத் தம் ஆதிக்கத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இதனைப் பண்ணைமுறை என்று அந்நாட்டார் அழைத்தனர். நாம் நாற்றங்கால் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். ஓரிடத்தில் விதைத்து, முளைத்ததும் பறித்து, வேறிடத்தில் நடுவதற்காகவே வளர்ப்பதல்லவா நாற்று?

இந்த ஏற்பாடு பல்கிப் பெருகி, 1949-ஆம் ஆண்டில் 59 சிறு லீக்குகள் இருந்தன. அவ்வாண்டு அவ்வாட்டங்களைக் கண்டவர் தொகை ஏறத்தாழ 4 கோடி. பின்னர் தொலைக்காட்சி வந்தது. மக்கள் வீட்டிலிருந்தே பெருநகர ஆட்டங்களைக் காணலாயினர். சிற்றூர்க் குழுக்கள் பல மறைந்தன. 2021-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சீரமைப்பிற்குப் பின், 30 பெருங்குழுக்களோடு இணைந்த 120 குழுக்கள் நான்கு படிகளில் நிலைபெற்றன.

இப்பொழுது நாற்றங்காலைக் காக்கும் மானேஜரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் தம் ஊர்க் குழுவுக்கு வெற்றி தேடித் தரவேண்டும். அதே சமயத்தில், தம்மிடமுள்ள இளைஞர்களை மேற்படிக்குத் தகுதியாக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. அவர் நன்றாகக் கற்பித்தால், கற்றவன் ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே மேலிடத்திற்கு அழைத்துக்கொள்ளப்படுவான். நல்ல பந்தெறிபவனை இழந்து, மறுநாள் தோற்றும் போவார். தம் திறமையே தமக்குத் தடையாகும் தொழில் அது. எட்டாம் வகுப்பு முடியுந் தறுவாயில் நல்ல மாணவரையெல்லாம் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் ஆசிரியர்க்கு இந்நிலை நன்கு விளங்கும். இத்தகையவரை எந்த அளவுகோலால் அளப்பது? வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையாலா? ஆளாக்கிவிட்ட இளைஞர்களின் தொகையாலா? இந்தக் கேள்வியே நம் பட்டியலின் உயிர்நிலை.

செயின்ட் லூயி நகரில் 1886 முதல் ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ என்ற விளையாட்டு வார ஏடு வெளிவந்தது. பேஸ்பால் உலகில் அவ்வேட்டுக்குப் பெருமதிப்பு இருந்தது. 1936-ஆம் ஆண்டில் அது மேஜர் லீக்கின் சிறந்த மானேஜரைத் தேர்ந்ததோடு நில்லாமல், மைனர் லீக்குகள் அனைத்திலும் சிறந்த மானேஜர் ஒருவரையும் தேர்ந்து அறிவித்தது. அவ்வாண்டு அச்சிறப்பைப் பெற்றவர் மில்வாக்கி நகரக் குழுவை நடத்திய அல் சதரான். அவருடைய குழு அவ்வாண்டு முதலிடம் பெற்றது. ஆகவே தொடக்கத்தில் வெற்றியே அளவுகோலாக இருந்ததென்று கொள்ளலாம்.

ஆனால் அடுத்த ஆண்டே அந்த அளவுகோல் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. 1937-ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்துச் சால்ஸ்பரி என்னும் சிற்றூரின் குழுவை ஜேக் ஃபிளவர்ஸ் என்பவர் நடத்தினார். மைனர் லீக்கின் ஏணியில் அடிப்படியிலிருந்த குழு அது. முதல் 26 ஆட்டங்களில் 21-இல் அது வென்றது. அப்பொழுது ஒரு வழக்கு எழுந்தது. மேற்படியில் அனுபவம் பெற்றவர்கள் இத்தனை பேருக்கு மேல் ஒரு குழுவில் இருத்தலாகாது என்பது அந்த லீக்கின் விதி. சால்ஸ்பரியின் ஆட்டக்காரர் ஒருவர் முந்திய ஆண்டிலேயே மேற்படிக் குழுவொன்றுடன் ஒப்பந்தம் செய்திருந்தார் என்று காட்டி, விதி மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தனர். பெற்ற 21 வெற்றிகளும் பறிக்கப்பட்டன. ஒரே நாளில் முதலிடத்துக் குழு, வெற்றி ஒன்றுமில்லை, தோல்வி 26 என்று கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டது.

இந்நிலையில் வேறொருவராயின் அவ்வாண்டைக் கைகழுவி விட்டிருப்பார். ஃபிளவர்ஸின் இளைஞர்களோ எஞ்சிய 70 ஆட்டங்களில் 59-ஐ வென்றார்கள். கணக்கில் 59 வெற்றி, 37 தோல்வி என்று பதிவாகி, அதனாலேயே முதலிடத்தையும் மீட்டார்கள். ஜோ கோல்மன் என்ற பந்தெறிபவர் 25 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்றார். ஜார்ஜ் கொமேயாஸ் என்பவர் 22 வென்று ஒன்றில் தோற்றார். அவ்வாண்டுப் பட்டியலில் ஜேக் ஃபிளவர்ஸின் பெயர் பொறிக்கப்பட்டது. இங்கே பாராட்டப்பட்டது எண்ணிக்கை மட்டுமன்று. எண்ணிக்கை பறிக்கப்பட்ட பின்னும் இளைஞர்களின் ஊக்கம் பறிபோகாமற் காத்த திறமும் அப்பாராட்டில் அடங்கியிருந்தது.

இனி, பட்டியலின் மிக முக்கியமான வரிக்கு வருவோம். அது 1946-ஆம் ஆண்டின் வரி. அதிலுள்ள பெயர் கிளே ஹாப்பர். குழு, கனடா நாட்டு மான்ட்ரியல் நகரின் ‘ராயல்ஸ்’.

அந்நாளில் பேஸ்பாலில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. கறுப்பினத்தார்க்கு வெள்ளையர் லீக்குகளில் இடமில்லை. எத்துணைத் திறமை பெற்றிருந்தாலும் அவர்கள் தங்களுக்கெனத் தனியே அமைந்த லீக்குகளிலேயே ஆடிவந்தனர். பிராஞ்சு ரிக்கி அப்பொழுது நியூயார்க்கைச் சார்ந்த புரூக்ளின் குழுவின் தலைமைப் பொறுப்பிற்கு வந்திருந்தார். அவர் இத்தடையை உடைக்க முனைந்தார். 1945 அக்டோபர் 23-ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் புரூக்ளினின் நாற்றங்காலான மான்ட்ரியல் குழுவில் சேர்க்கப்பட்டார் என்ற செய்தி வெளியாயிற்று.

அந்தக் குழுவை நடத்துவதற்கு ரிக்கி தேர்ந்த மானேஜர் கிளே ஹாப்பர். அவர் மிசிசிப்பி மாநிலத்தவர். இனப்பிரிவினை சட்டமாகவும் வழக்கமாகவும் வேரூன்றியிருந்த மண் அது. ராபின்சனைத் தம் குழுவில் சேர்க்கவேண்டாம், ஊரில் தம்மை மதிக்கமாட்டார்கள் என்று அவர் ரிக்கியிடம் கேட்டுக்கொண்டார். பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் ராபின்சனின் ஆட்டத்தை ரிக்கி வியந்து பேச, அவ்வினத்தாரும் மனிதர்தாம் என்று தாங்கள் உண்மையிலேயே எண்ணுகிறீர்களா என்று ஹாப்பர் வினவினார் என்பதை ராபின்சனின் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். கேட்டால் நெஞ்சு பதறும் வினா அது. ஆயினும் அவர் ஆட்டக்களத்தில் ராபின்சனுக்குரிய இடத்தை மறுக்கவில்லை. ஆணையை ஏற்று, முறையாக ஆடவிட்டார்.

அந்த வசந்த காலத்தில் மான்ட்ரியல் குழு ஃபுளோரிடாவிற் பயிற்சி பெற்றது. சான்ஃபர்டு என்ற ஊரிலிருந்து ராபின்சன் வெளியேற நேர்ந்தது. ஜாக்சன்வில் நகருக்கு ஆடச் சென்றபோது, ஆட்டக்களத்தின் கதவே பூட்டிக் கிடந்தது. இந்த ஜாக்சன்வில் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அங்கே வருவோம்.

1946 ஏப்ரல் 18. நியூயார்க்கிற்கு அருகிலுள்ள ஜெர்சி சிட்டியில் பருவத்தின் முதல் ஆட்டம். ராபின்சன் ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை வெற்றியாக அடித்தார். அவற்றில் ஒன்று மூன்று ஓட்டங்களைத் தந்த நெடிய அடி. அவர் தளங்களைச் சுற்றி வந்தபோது, அடுத்து அடிக்க நின்ற ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளை இளைஞர் கைநீட்டி அவர் கையைக் குலுக்கினார். அக்காட்சியின் நிழற்படம் பின்னாளிற் பெரும்புகழ் பெற்றது. மான்ட்ரியல் 14-க்கு 1 என்ற கணக்கில் வென்றது.

அவ்வாண்டு முழுவதும் வசைகளுக்கிடையே ஆடி, லீக்கிலேயே மிகச் சிறந்த அடி விகிதத்தை ராபின்சன் எய்தினார். குழு 100 ஆட்டங்களை வென்றது. இரண்டாம் இடத்தாரை வெகு தொலைவிற் பின்தள்ளி முதலிடம் பெற்றது. இறுதியாக லூயிவில் குழுவோடு நடந்த தொடர் ஆட்டத்தில், அந்நகரத்தார் ராபின்சனை ஏளனக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். மான்ட்ரியல் மக்களோ, ஆட்டம் தம் ஊருக்கு வந்ததும் தங்கள் ஆட்டக்காரர்க்காக ஆர்ப்பரித்தார்கள். தொடரை வென்ற நாளன்று அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். பருவம் முடிந்து விடைபெறும் வேளையில் கிளே ஹாப்பர் ராபின்சனின் கையைப் பற்றி, நீர் சிறந்த ஆட்டக்காரர், உயர்ந்த பண்பாளர், உம்மைப் பெற்றிருந்தது எங்கள் பேறு என்ற கருத்துப்படச் சொன்னார். ராபின்சன் அடுத்த ஆண்டு, 1947 ஏப்ரல் 15 அன்று, மேஜர் லீக்கில் ஆடலானார்.

ஹாப்பருக்குச் சிறந்த மானேஜர் என்ற சிறப்பு அவ்வாண்டு கிடைத்தது. நூறு வெற்றிக்கு அது தகும். ஆனால் நண்பர்களே, அந்த ஆண்டில் யார் யாருக்குக் கற்பித்தார்? பட்டியல் மானேஜரின் பெயரைச் சொல்கிறது. வரலாறோ, மாணவராக வந்தவரே ஆசிரியராய் நின்றார் என்று காட்டுகிறது. அந்த மாற்றத்திற்கான விலையை ஹாப்பர் செலுத்தவில்லை. வசையையும் பூட்டிய கதவையும் பொறுத்துக்கொண்டு ராபின்சன் செலுத்தினார். ஹாப்பருக்குரிய பெருமை சிறியது, எனினும் உண்மையானது. கண்முன் கண்டதை அவர் மறுக்கவில்லை. கண்டும் மாறாதவர்கள் அன்று அந்நாட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

பட்டியலில் 1953-ஆம் ஆண்டின் வரியும் இத்தகையதே. அதில் ஹாலிவுட் நகரக் குழுவின் மானேஜர் பாபி பிராகன் பெயர் இருக்கிறது. அலபாமா மாநிலத்தவரான இவர், 1947-இல் புரூக்ளின் குழுவில் ஆடியபோது, ராபின்சனோடு சேர்ந்து ஆட விருப்பமில்லை, வேறு குழுவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டவர்களுள் ஒருவர். ராபின்சனோடு பழகப் பழக அவர் மனம் மாறிற்று. பிற்காலத்தில், ஸ்போக்கேன் நகரக் குழுவை நடத்தியபோது, முன்னேற வழியின்றித் தேங்கி நின்ற மாரி வில்ஸ் என்ற கறுப்பின ஆட்டக்காரருக்கு இரு கைப்பக்கமும் மட்டை வீசப் பயிற்றுவித்தார். அந்த வில்ஸ் 1962-இல் ஒரே பருவத்தில் 104 முறை தளத்தைக் கவர்ந்து சாதனை நிகழ்த்தினார். 1965-இல் ரிக்கி மறைந்தபோது பிராகன் இறுதிச் சடங்கிற்குச் சென்றார். தம்மை மேம்பட்ட மனிதனாக்கியவர் அவர் என்று காரணமும் கூறினார்.

ஆனால் அதே 1953-ஆம் ஆண்டில், பட்டியலில் இடம்பெறாத இன்னொரு மானேஜர் செய்த பணி ஒன்றுண்டு. அவர் பெயர் பென் கெராட்டி. அவரைப் பற்றிச் சொல்ல மீண்டும் 1946-ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும்.

ராபின்சன் மான்ட்ரியலில் ஆடிக்கொண்டிருந்த அதே பருவத்தில், ஜூன் 24 அன்று, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஸ்போக்கேன் குழுவின் ஆட்டக்காரர்கள் பேருந்திற் சென்றுகொண்டிருந்தார்கள். ஸ்னோக்குவால்மி என்ற மலைக்கணவாயில் பேருந்து சாலையை விட்டு விலகிப் பள்ளத்தில் உருண்டு தீப்பற்றியது. ஒன்பது ஆட்டக்காரர்கள் மாண்டார்கள். ஆட்டக்காரராகவும் மானேஜராகவும் இருந்த மெல் கோல் அவர்களுள் ஒருவர். காயங்களோடு உயிர் தப்பியவர்களுள் ஒருவர் பென் கெராட்டி. மேஜர் லீக்கில் மொத்தம் 70 ஆட்டங்களே ஆடியவர் அவர், புகழ்பெற்றவரல்லர். அதன்பின் மானேஜர் ஆனார். மைனர் லீக் மானேஜரின் வாழ்க்கையோ பேருந்திலேயே கழிவது. ஊர்விட்டு ஊர், இரவு முழுதும் பயணம். ஒவ்வொரு முறையும் அச்சத்தோடு பேருந்தில் ஏறினார். எனினும் அத்தொழிலை விடவில்லை.

1953-இல் அவர் நடத்திய குழு, நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே ஜாக்சன்வில் நகரின் குழு. ஏழாண்டுகளுக்கு முன் ராபின்சனுக்குக் கதவைப் பூட்டிய நகரம், இப்பொழுது ஹாங்க் ஆரன், ஃபீலிக்ஸ் மன்டீயா, ஹாரஸ் கார்னர் என்ற மூன்று இளைஞர்களைத் தன் குழுவிலேயே பெற்றிருந்தது. தென்மாநிலங்களில் ஆடிய அந்த லீக்கில் அதுவரை நிறத்தடை நீங்கவில்லை. அவ்வாண்டுதான் இவர்களும் சவானா குழுவைச் சேர்ந்த இருவரும் அதை நீக்கினர். ஆரனுக்கு அப்பொழுது வயது 19.

களத்தில் இடம் கிடைத்ததேயன்றி, களத்துக்கு வெளியே எதுவும் மாறவில்லை. உடன் ஆடும் வெள்ளையர் தங்கும் விடுதியில் இவர்களுக்கு இடமில்லை. அவர்கள் உண்ணும் உணவகத்தில் இவர்கள் நுழைய முடியாது. ஊருக்கு மறுகோடியில், கறுப்பினத்தார் வாழும் பகுதியில் யாரேனும் ஒருவர் வீட்டில் தங்கவேண்டும். கெராட்டி என்ன செய்தார்? இரவில் அந்த மறுகோடிக்குத் தாமே சென்றார். அவர்களோடு அமர்ந்து, அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். எந்தப் பந்தை ஏன் அடித்தாய், எந்தப் பந்தை ஏன் விட்டாய் என்று கேட்டார். செய்தது இவ்வளவே. சட்டத்தை அவரால் மாற்ற முடியவில்லை. ஆனால், உங்களை நான் மறக்கவில்லை என்பதை நடந்து காட்டினார். தனித்து விடப்பட்ட மாணவனுக்கு ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி இதைவிட யாதுளது?

அப்பருவத்தில் ஆரன் நூற்றுக்கு 36-க்கு மேல் என்ற அடி விகிதத்தோடு 22 நெடிய அடிகளும் அடித்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற மதிப்பைப் பெற்றார். ஜாக்சன்வில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டே ஆரன் மேஜர் லீக்கிற்குச் சென்றார். 1974 ஏப்ரல் 8 அன்று தம் 715-ஆம் நெடிய அடியை அடித்து, பேப் ரூத் நிறுவிய பழைய சாதனையைக் கடந்தார். 2021-இல் மறைந்த அப்பெருமகனார், தாம் ஆடிய மானேஜர்கள் எல்லாரிலும் பென் கெராட்டியே தலைசிறந்தவர் என்று கூறியிருக்கிறார்.

கெராட்டியின் பெயர் பின்னர் 1957-இல் விச்சிட்டா குழுவுக்காகவும், 1962-இல் மீண்டும் ஜாக்சன்வில் குழுவுக்காகவும் பட்டியலில் ஏறியது. இருமுறை நாட்டிலேயே சிறந்தவர் எனப் பெற்ற அவரை எந்த மேஜர் லீக் குழுவும் தன் மானேஜராக அமர்த்தவில்லை. 1963 ஜூன் 18 அன்று, குழுவை நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே, மாரடைப்பால் மறைந்தார். வயது 50. அவர் ஏற்றிவிட்டவர்கள் மேலே நின்றார்கள்; ஏணி கீழேயே நின்றது.

பரிசு பெற்ற எல்லார்க்கும் இதே முடிவு என்று கூறிவிடலாகாது. 1948-இல் ஓக்லாந்து குழுவை நடத்திப் பட்டியலில் இடம்பெற்ற கேசி ஸ்டெங்கல், அடுத்த ஆண்டே நியூயார்க் யாங்கீஸ் குழுவின் பொறுப்பை ஏற்றார். 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் தலைசிறந்த வெற்றியைத் தேடித் தந்தார். 1981 முதல் ‘பேஸ்பால் அமெரிக்கா’ என்ற ஏடும் இத்தகைய பரிசொன்றை வழங்கலாயிற்று. 1993-இல் அதைப் பெற்றவர் பர்மிங்காம் குழுவின் டெர்ரி ஃபிராங்கோனா. அவர் பிறகு பாஸ்டன் குழுவை நடத்தி, 1918-க்குப் பின் அந்நகரம் காணாதிருந்த வெற்றியை 2004-இல் பெற்றுத் தந்தார். சிலருக்குப் பரிசு அடுத்த படியாயிற்று. சிலருக்கு அதுவே கடைசிப் படியாயிற்று.

ஒரு பட்டியலைப் படிக்கும்பொழுது, அதிலுள்ள பெயர்களைப் போலவே இல்லாத பெயர்களையும் எண்ணவேண்டும். 1936-இல் தொடங்கிய இவ்வரிசையின் முதற்பகுதியிற் கறுப்பின மானேஜர் ஒருவரும் இல்லை. திறமையுடையோர் இல்லாமையா காரணம்? இல்லை, பந்தயத்தில் நுழையவே அவர்களுக்கு வழியில்லை. 1961-இல் ஜீன் பேக்கர் என்பவர் நியூயார்க் மாநிலத்துப் படேவியா என்ற சிற்றூர்க் குழுவுக்கு மானேஜரானது அந்நாளில் ஓர் அரிய நிகழ்ச்சி. 1972 அக்டோபரில், மறைவதற்குச் சில நாட்களுக்கு முன், ஜாக்கி ராபின்சன் பொதுமேடையில் கடைசியாகத் தோன்றியபோது, மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின மானேஜரைக் காண விரும்புவதாகச் சொன்னார். 1975-இல் ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து குழுவின் மானேஜராகி அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். 2022-இல் ரேச்சல் பால்கோவெக் என்ற பெண்மணி டாம்பா நகரக் குழுவின் மானேஜராகப் பொறுப்பேற்று, மேஜர் லீக்கோடு இணைந்த குழுவொன்றை நடத்திய முதற்பெண் ஆனார். கதவு திறந்த பின்னரே ஒருவர் பெயர் பட்டியலுக்கு வர இயலும். ஆதலின் எந்தப் பட்டியலும் திறமையின் முழுக்கணக்கு அன்று; வாய்ப்புப் பெற்றோரின் திறமைக் கணக்கே அது.

இறுதியாக இன்னொரு பரிசைக் குறிப்பிடவேண்டும். மைக் கூல்பா என்பவர் மேஜர் லீக்கில் 44 ஆட்டங்கள் மட்டுமே ஆடியவர். மற்றபடி அவர் காலமெல்லாம் மைனர் லீக்குகளிற் கழிந்தது. 2007 ஜூலையில் துல்சா குழுவின் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அம்மாதம் 22-ஆம் நாள், ஆர்க்கன்சா மாநிலத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில், முதல் தளத்தருகே நின்று வழிகாட்டிக்கொண்டிருந்தபோது, அடிக்கப்பட்ட பந்து கழுத்தில் தாக்கி உயிரிழந்தார். வயது 35. அதன் விளைவாக 2008 முதல் தளத்தருகே நிற்கும் பயிற்சியாளர்கள் தலைக்கவசம் அணியவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. துல்சா எந்தப் பெருங்குழுவின் நாற்றங்காலோ, அந்தக் கொலராடோ குழுவினர் அவ்வாண்டு தங்களுக்குக் கிடைத்த பரிசுத்தொகையில் ஒரு முழுப் பங்கை அவர் குடும்பத்தார்க்கு ஒதுக்கினார்கள். 2008-இல் மைனர் லீக் நிர்வாகம் அவர் பெயரால் ஓர் ஆண்டுப் பரிசை நிறுவியது. அப்பரிசு வெற்றித் தோல்விகளை எண்ணுவதற்கன்று. உழைப்பு, ஆட்ட அறிவு, இளைஞர்களை வழிநடத்தும் திறம் ஆகிய மூன்றையும் கருதியே அது வழங்கப்படுவதாயிற்று. 1936-இல் எழுந்த கேள்விக்கு, அதாவது கற்பிப்பவரை எதனால் அளப்பது என்ற கேள்விக்கு, எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஒரு விடை என்று இதனைக் கொள்ளலாம்.

மாணவ நண்பர்களே, பரிசுகளை இகழ்வது என் நோக்கமன்று. நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில், பாராட்டின் மதிப்பை நான் அறிவேன். உழைத்தவனை ஊரறியச் செய்வது ஒரு சமுதாயத்தின் கடன். ஆனால் எந்தப் பரிசுப் பட்டியல் உங்கள் கைக்கு வந்தாலும் அதனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எதை எண்ணிற்று? இதில் நுழைய முடியாமல் நின்றவர் யார்? பரிசு பெற்றவரால் உயர்ந்தவர் யார்? கிளே ஹாப்பர் என்ற பெயரருகே ஜாக்கி ராபின்சனையும், பென் கெராட்டி என்ற பெயரருகே, ஊரின் மறுகோடியில் ஓர் எளிய வீட்டில் தம் மானேஜரோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞரையும் வைத்துப் பாருங்கள். அப்பொழுது அந்தப் பட்டியல் வெறும் பெயர் வரிசையாக இராது, வரலாறாக விளங்கும்.